மூவகை அளவையும் இக்கால எழுத்துப் பொறியும்

அறிதல் ஆன்மாவின் இயல்பு. அவ்வறிவை விளக்கி நிற்கும் கருவிகளோ காலந்தோறும் வேறுபடுவன. ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய காலம் ஒன்று. தாளில் அச்சிட்ட காலம் ஒன்று. கணினியில் ஏற்றி இணையத்தின் வழியே எங்கும் பரப்பும் இக்காலம் மற்றொன்று. கருவி மாறும்போதெல்லாம் கற்றோரிடையே இருவகை மயக்கம் எழுதல் இயல்பு. புதியது வந்தமையாற் பழையது கெட்டதென அஞ்சி விலகுவார் ஒரு சாரார். புதியது வந்தமையாற் பழையது வேண்டாவெனத் துணிவார் மற்றொரு சாரார். இவ்விரண்டும் பொருளை அளந்து கண்ட முடிபுகள் அல்ல. இப்பொழுது வினாவிய அளவிலே விடையெழுதித் தரும் பொறியும் தோன்றியிருத்தலின், அறிவாவது யாது, ஒரு கூற்றை நம்புதற்குரிய நெறி யாது என்னும் வினாக்கள் சமுதாயம் முழுவதையும் தொட்டு நிற்கின்றன. இவ்வினாக்களுக்குச் சித்தாந்த அளவையிலக்கணம் தரும் விடையை ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

முன்னோர் அச்சை ஏற்ற முறை

இத்தகைய மாற்றம் நம் முன்னோர்க்கும் நேர்ந்ததேயாம். கும்பினியார் ஆட்சியில் 1835ஆம் ஆண்டு அச்சகச் சட்டம் தளர்ந்தபின் இந்நாட்டவர் தாமே அச்சகம் நிறுவுதல் பெருகிற்று. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) இளமையில் மெதடிஸ்த சங்கத்தார் பள்ளியிற் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்து, பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கிய பணியிலும் உடனிருந்து உதவியவர். பிறர் கையிலிருந்த கருவி என்று அவர் அச்சையும் பள்ளியையும் வெறுத்தொதுக்கினாரல்லர். 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அடுத்த ஆண்டிலேயே சென்னை சென்று அச்சுப்பொறி கொணர்ந்தார். 1864ஆம் ஆண்டு சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை கண்டார். கருவி புதிது, ஆயின், பிழையற ஆராய்ந்து பதிப்பித்தல் வேண்டும் என்னும் கடப்பாடு ஏட்டுக் காலத்திலிருந்தே வந்தது.

இவ்வாறே திருவாவடுதுறை ஆதீனத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்ட உ. வே. சாமிநாதையர் (1855–1942), பல ஏடுகளை ஒப்புநோக்கிச் சீவக சிந்தாமணியை 1887ஆம் ஆண்டு வெளியிட்டார். அது சமண காவியம். அதன்கண் வரும் சமய மரபுகளைத் தாமே ஊகித்து எழுதிவிடாமல், கும்பகோணத்துச் சமணர்களை அணுகி வினாவித் தெளிந்தார் என்பது நாம் ஊன்றிக் கருதத்தக்கது. அறிந்தாரிடம் சென்று கேட்டலும், ஏடுகள் தம்முள் மாறுபடுமிடத்து அம்மாறுபாட்டை மறையாது காட்டலும், பிழை நேரின் அதற்குத் தாம் பொறுப்பாதற்கு நூன்முகப்பில் தம் பெயரை நிறுத்தலும் ஆகிய இவையே அச்சு நூலுக்கு நம்பகம் தந்தன. அச்சுப்பொறி தானாக அதனைத் தந்ததன்று.

அச்சினால் விளைந்த பயன் பெரிது. ஓலைச்சுவடி இருந்த இல்லத்தார்க்கும் மடத்தார்க்குமே உரியதாயிருந்த நூல் விலைக்குக் கிடைப்பதாயிற்று. வாங்குவார் யாவர் என்று நூல் வினாவுவதில்லை. பள்ளிகளின் வாயில் எல்லார்க்கும் ஒப்பத் திறத்தற்குப் பின்னும் நெடுங்காலம் சென்றது என்பதை நாம் மறைத்தல் கூடாது. இழப்பும் ஒன்று உண்டு. நூல் கைக்கு எளிதாக வந்தமையின், ஆசிரியர் முன்னிருந்து பாடங்கேட்டல் மெல்ல அருகிற்று.

மின்னேட்டின் பயன்

கணினிவழி நூலேற்றமும் இவ்வாறே நன்மையோடு வந்தது. 1998ஆம் ஆண்டு தொடங்கிய மதுரைத் திட்டத்தில் அன்பர் பலர் ஊதியம் கருதாது தட்டெழுதிப் பிழைதிருத்திப் பழந்தமிழ் நூல்களை எவரும் இலவசமாகப் பெற வைத்தனர். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் தொகுக்கும் நூலகம் திட்டம் 2005ஆம் ஆண்டிற் தொடங்கிற்று. இத்தொண்டின் இன்றியமையாமையை யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் கதை உணர்த்தும். 1981ஆம் ஆண்டு அந்நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும், மீண்டும் பெறுதற்கரிய சுவடிகளும் சாம்பராயின. ஓரிடத்தில் மட்டும் வைத்த பொருள் ஓரிரவில் அழியும். பல இடத்தில் படியெடுத்து வைத்தது அத்துணை எளிதில் அழியாது. புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனங்களிற் பேணப்படும் சைவச் சுவடிகள் ஏறத்தாழ 11,000. அவை 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக நினைவேட்டிற் சேர்க்கப்பெற்றன. ஆகமங்கள் பல அவற்றுள் அடங்கும்.

இதுகாறுங் கூறிய மாற்றங்களெல்லாம் மனிதர் எழுதியதை வைக்கும் கலம் பற்றியன. இனிக் கூறப்படுவது அதனின் வேறு.

எழுத்துப் பொறியின் இயல்பு

2022ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் சாட்ஜிபிடி என்னும் பொறி பொதுமக்கள் கைக்கு வந்தது. அதன் இனத்தன பிறவும் தொடர்ந்தன. செயற்கை நுண்ணறிவு என்பது இவற்றிற்கு வழங்கும் பெயர். மனிதர் எழுதிய அளவிறந்த நூற்றொகுதியை உட்கொண்டு, எச்சொல்லின் பின் எச்சொல் வருதல் பெரும்பான்மை என்பதனை எண்வகையாற் கணித்து, அக்கணிப்பின்படி சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கித் தருதலே இவற்றின் அடிப்படைத் தொழில். அவ்வடுக்கிற் பெரும்பகுதி பொருளுடையதாகவும், பல நேரம் மெய்யாகவும் அமைதல் வியக்கத்தக்கது. ஆயின் மெய்யும் பொய்யும் ஒரே நடையில், ஒரே துணிவோடு வருதலே இடர். திருமுறைப் பாட்டொன்றை வினாவினார்க்கு, எத்திருமுறையினும் இல்லாத அடிகளைப் பதிக எண்ணோடும் எழுதித் தருதல் உண்டு. நூலறிவினார்க்கு மட்டும் நேரும் தீங்கன்று இது. 2023ஆம் ஆண்டு நியூயார்க் நகரத்து நீதிமன்றம் ஒன்று, இப்பொறி புனைந்து தந்த இல்லாத தீர்ப்புக்களை மேற்கோளாகக் காட்டிய வழக்கறிஞர்க்கு 5,000 டாலர் தண்டம் விதித்தது.

அளவையால் ஆராய்தல்

அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் சுபக்கத்தில், பொருளாராய்ச்சிக்கு முன்னாக அளவையையே வைத்தார். பிறர் பிறர் கூறும் அளவைகள் பத்தினையும் எடுத்தோதி, அவை காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என முடித்தார். பொறியின் கூற்று இம்மூன்றனுள் யாதாம் என்று பார்ப்பாம்.

காண்டலாவது ஐயமும் திரிபும் விகற்பமும் இன்றிப் பொருளை நேரே அறிவது. அது வாயிற்காட்சி, மானதக்காட்சி, தன்வேதனைக்காட்சி, யோகக்காட்சி என நால்வகைப்படும். பொறி தீயைக் கண்டதுமில்லை, சூட்டை உணர்ந்ததுமில்லை. தீயைப் பற்றி மனிதர் எழுதிய சொற்களையே அது பெற்றுள்ளது. ஆகலின் காண்டல் அதற்கு இல்லை.

கருதலாவது விட்டுநீங்காத இயைபுடைய ஏதுவைக் கொண்டு மறைந்த பொருளைத் துணிவது. புகையுள்வழித் தீ உண்டு என்பது அவ்வியைபு. பொறி கணிப்பதோ சொற்கள் உடன்வரும் மிகுதியை. பன்முறை உடன்வந்தமையும் ஒருபோதும் பிரியாமையும் ஒன்றல்ல. ஓர் ஊர்க்கோயிலின் பெயரோடு ஒரு புலவர் பெயர் நூறு கட்டுரைகளிற் சேர்ந்து வந்ததனால், அப்புலவர் அக்கோயிலைப் பாடினார் என்பது பெறப்படாது. நூறு கட்டுரைகளும் ஒருவர் பிழையைப் பார்த்து எழுதப்பட்டனவாதல் கூடும். கணிதம் போல்வனவற்றில் இப்பொறி படிப்படியாக வாதஞ்செய்து சரியான முடிபு தருதல் உண்டே எனின், ஆண்டும் அப்படிகளைத் தாம் ஆராய்ந்து இயைபு கண்டார்க்கே அது கருதலளவையாம். முடிபை மட்டும் பெற்றுச் செல்வார்க்கு ஆகாது.

இனி உரை. காண்டலிலும் கருதலிலும் அடங்காத பொருளைக் காட்டுவது அது. அதன் வலிமை உரைத்தானைப் பற்றியது. பொருளை உள்ளவாறு அறிந்து, வஞ்சனையின்றி, கேட்பார் நலங்கருதி உரைப்பானே ஆத்தன் எனப்படுவான். அறிதலும் இல்லை, கருதி உரைத்தலும் இல்லையாகலின் பொறியை ஆத்தன் என்றல் பொருந்தாது. பொய்யன் என்றலும் பொருந்தாது. பொய்யுரைப்பதற்கும் உண்மையை அறிந்திருத்தல் வேண்டுமன்றோ.

அங்ஙனமாயின் அதன் கூற்றை யாதெனக் கொள்வது? பத்தளவையுள் ஐதிகம் என்று ஒன்று எண்ணப்பட்டது. இம்மரத்திற் பேய் உண்டு என்று ஊரார் வழிவழிச் சொல்லி வருதல் அதற்குக் காட்டாகக் கூறப்படும். சொல்லியவர் இன்னார் என்பது தெரியாது. சொல் மட்டும் நிற்கும். பொறியின் கூற்று ஐதிகத்தோடு பெரிதும் ஒத்தது. முதலிற் கூறினாரைத் தேடிக் கண்டு, அவர் நம்பத்தக்கவர் எனத் தெளிந்தவழி அஃது உரையுள் அடங்கும். தெளியாதவழி வெறுஞ்சொல்லாய் ஒழியும்.

தடையும் விடையும்

அற்றேல், பொறி அறிவுடையார் போலவே வினாவை உணர்கின்றது, நினைக்கின்றது, துணிகின்றது. அதனை அறிவற்றது என்றல் எவ்வாறு எனின், கூறுதும். மனம் பற்றும், புத்தி நிச்சயிக்கும், இவை அறிவனபோற் காணப்படினும் மாயையின் காரியமாகிய சடங்களே. ஆன்மா அந்தக்கரணங்களுள் ஒன்றன்று எனச் சிவஞான போதத்து நான்காஞ் சூத்திரம் நிறுவிற்று. அகத்திருக்கும் கருவியே அறிவுப்பொருள் அன்று எனின், அதன் தொழிலைப் போன்று புறத்தே செய்துவைத்த கருவி அறிவுப்பொருளாதல் யாங்ஙனம்? அறிவிக்க வேண்டாது தானே அறிவது பதி. அறிவித்தால் அறிவது பசு. அறிவித்தாலும் அறியாதது பாசம். எல்லா நூலையும் ஊட்டியும் அறியாது நிற்பது இம்மூன்றாம் வகையதேயாம்.

சடம் என்றமையின் அதனை விலக்குக என்றதாகாது. மாயையின் காரியங்கள் இருளில் விளக்குப்போல உதவுவன என்பதே சித்தாந்தம். உடம்பும் கரணமும் இன்றி உயிர்க்கு அறிவு விளங்காது. ஆயிரஞ் சுவடிப் படங்களுள் ஒரு சொல் வருமிடத்தைத் தேடித் தருதற்கும், கிரந்த எழுத்துப் படங்களைப் படிக்க முயல்வார்க்கு முதற்படி எழுதித் தருதற்கும், கண்பார்வை குறைந்தார்க்கு நூலை வாசித்துக் காட்டுதற்கும் இப்பொறிகள் பயன்படும். விளக்கைக் கொண்டு ஏட்டைப் படிக்கலாம். விளக்கையே ஏடென்று கொள்ளலாகாது.

சமுதாயத்தின் நிலை

இவ்வாராய்ச்சி புலவர்க்கு மட்டும் உரியதன்று. சார்ந்ததன் வண்ணமாதல் ஆன்மாவின் இயல்பு. படிகம் அடுத்த நிறத்தைப் பற்றுமாறு போல உயிர் தான் எதனைச் சார்கின்றதோ அதுவாய் நிற்கும். மாணாக்கன் ஒருவன் தானே நூலைத் திறவாமல், பொருள் விளங்காத இடத்தில் நின்று வருந்தாமல், வினாவி விடைபெறுதலையே வழக்கமாக்கினால், விடை மெய்யாயிருந்த இடத்தும் அவன் இழப்பது ஒன்றுண்டு. கேட்டதைச் சிந்தித்தலும், சிந்தித்ததைத் தெளிதலும் அவன்கண் நிகழாமற் போகின்றன. கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என்னும் படிகளுள் முதற்படியின் நிழலே அவனுக்கு எஞ்சும். ஒரு சமுதாயத்தில் இத்தகையார் மிகுவராயின், யார் கூறினார், எதனைக் கொண்டு கூறினார் என்று வினாவும் பழக்கமே அற்றுவிடும். அவ்வினா அற்ற இடத்தில் வதந்தியும் பகையும் எளிதிற் பரவும்.

பிழையின் வழி பிழை பெருகுதலும் உண்டு. பொறி எழுதிய பொய்ப்பாட்டை ஒருவர் இணையத்தில் இடுவர். அதனை மற்றொரு பொறி உட்கொள்ளும். பின்வருவார் இரண்டிடத்துக் கண்டமையால் மெய்யென்பர். ஏடெழுதுவோன் பிழை ஓர் ஏட்டையும் அதன் வழி வந்த படிகளையும் கெடுத்தது. இப்பிழையோ எத்துணைத் தொலைவு செல்லும் என்று வரையறுக்க வியலாது.

செய்யத்தக்கன

மடங்களும் புலவர் அவைகளும் இதுபற்றிச் செய்யத்தக்கன சில கூறுவாம்.

முதலாவது, மூலம் எல்லார் கண்ணுக்கும் எட்டுதல் வேண்டும். பொய்ப்பாட்டைப் பொய்யென்று காட்ட மெய்ப்பாட்டின் நம்பகமான பதிப்பு கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் இன்றியமையாதது. ஆதலின் பேழையிற் கிடக்கும் சுவடிகளைப் படமெடுத்து, எவ்வேடு, எவ்விடத்தது, யார் பார்த்துப் படியெழுதினார் என்னும் குறிப்போடு பொதுவில் வைத்தல் கடன். மறைத்து வைத்தலாற் காக்கப்படும் என்பது இக்காலத்துக்கு ஒவ்வாது.

இரண்டாவது, நூலோ கட்டுரையோ எழுதுவார் தாம் நேரிற் காணாத மேற்கோளை எழுதாமை வேண்டும். பொறியைத் துணைக்கொண்டாராயின் அதனைக் கூறி, மூலத்தோடு ஒப்பிட்டபின்னரே வெளியிடுக. பிழைக்குப் பொறுப்பு எழுதினார்க்கே உரியது; கருவியின்மேற் சாற்றுதல் ஆகாது.

மூன்றாவது, பாடங்கேட்டல் மீண்டும் தழைத்தல் வேண்டும். ஒரு திங்களில் ஒருநாளாயினும் ஆசிரியரும் மாணாக்கரும் ஒரு நூலை முன்வைத்து, ஐயம் வினாவி, தடைவிடை நிகழ்த்திக் கற்றல் எவ்வூரிலும் கூடும். அவ்விடத்து ஆணும் பெண்ணும், எக்குலத்தாரும், ஒப்ப அமர்தல் வேண்டும். அறிந்த மனிதர்பாற் செல்லும் வழியை அடைத்துவிட்டு, மக்கள் பொறியை நாடுகின்றனர் என்று குறைகூறுதல் நடுவுநிலையன்று.

முன்னோர் அச்சை ஏற்றபோது ஒப்புநோக்கலையும் அறிந்தாரை வினாவலையும் கைவிடாது உடன்கொண்டு சென்றனர். இற்றைக் கருவியிடத்தும் நாம் செய்யத்தக்கது அதுவே. ஒரு விடை நம்முன் வந்தபோது, இது காண்டலா, கருதலா, உரையா, உரையாயின் யாருரை என்று வினாவும் பழக்கம் ஒவ்வொரு மாணாக்கனுக்கும் இளமையிலேயே ஊட்டப்படுமாயின், பொறி எத்துணை வளரினும் அவன் அதனை ஆள்வானேயன்றி அதனால் ஆளப்படான். அளவையிலக்கணத்தை நூற்றொடக்கத்துப் படித்துக் கடந்துவிடும் பகுதியாகக் கொள்ளாது, நாள்தோறும் கைக்கொள்ளும் ஒழுக்கமாகப் பயிற்றுதல் கற்பிப்போர் அனைவர்க்கும் உரிய கடனாம்.