கட்டுரைப் பொருளை மாணவர் தேர்தல்

நம் வகுப்பறைகளில் கட்டுரை எழுதுதல் என்பது, ஆசிரியர் தரும் தலைப்பிற்கு மாணவர் பத்தி நிரப்பும் பணியாகவே பெரும்பாலும் அமைந்து வருகிறது. 'நூலகத்தின் பயன்', 'சுற்றுச்சூழல் பாதுகாப்பு' எனத் தலைப்பைக் கரும்பலகையில் எழுதிய அளவிலேயே முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் கட்டுரைக் கோவைகளிலிருந்து வந்து இறங்கிவிடுகின்றன. அறுபது தாள்களைத் திருத்தினும் ஒரே தாளை அறுபது முறை திருத்திய உணர்வே எஞ்சுகிறது. எழுதியவர் யாவர் என்பதைப் பதிவெண் ஒன்றே காட்டும்.

பொருளை மாணவரே தேர்ந்துகொள்ளின் என்ன நிகழும்? இவ்வினாவை நடைமுறையில் ஆராய்ந்தோருள் குறிப்பிடத்தக்கவர் பிரான்சு நாட்டுத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் செலஸ்தேன் பிரெனே (1896–1966). முதல் உலகப் போரில் நுரையீரலில் காயமுற்றமையால் அவரால் வகுப்பில் நெடுநேரம் பேச இயலவில்லை. 1920இல் பார்-சூர்-லூ என்னும் சிற்றூரில் பணியேற்ற அவர், சிறுவர்க்குப் பாடநூலைவிடத் தாம் பிடித்து வந்த நத்தைகளின் ஓட்டப்பந்தயமே பெரிதாயிருத்தலைக் கண்டு, அதனையே எழுத்தாக்கினார். 1924 அளவில் சிறிய அச்சுப்பொறி ஒன்றையும் வகுப்பிற்குக் கொணர்ந்தார். மாணவர் தாம் விரும்பியதை எழுதிப் படிப்பர். அவற்றுள் ஒன்றை வகுப்பே வாக்களித்துத் தெரிவுசெய்யும். அனைவரும் கூடித் திருத்தி, எழுத்துக் கோத்து அச்சிடுவர். அத்தாள்கள் தொலைவிலுள்ள வேறு பள்ளி மாணவர்க்கு அஞ்சலில் சென்றன.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. பிரெனே பிழைதிருத்தத்தைக் கைவிட்டாரல்லர். அதன் இடத்தை மாற்றினார். உரிமை எழுதுமுன், ஒழுங்கு எழுதியபின். படிப்போர் உண்மையிலேயே இருந்தமையால் திருத்தத்திற்கும் பொருள் இருந்தது. 'விருப்பம்போல் எழுதுக' என்று கூறிவிட்டு நாற்காலியில் அமர்வது அவர்தம் முறையன்று.

அமெரிக்கக் கல்வியாளர் டொனால்டு கிரேவ்சு 1983இல் வெளியிட்ட நூலிலும் இக்கருத்து வலியுறுத்தப்பெற்றது. எப்போதும் தலைப்பை வாங்கியே பழகியவர், தமக்கெனச் சொல்லத்தக்கது உண்டு என்பதையே மறந்துவிடுவர் என்பது அவர்தம் வாதத்தின் சாரம். நம் நன்னூற் பொதுப்பாயிரமும் மாணாக்கன் கொள்ளும் வகையறிந்தே பாடஞ்சொல்ல வேண்டும் என்கிறது.

'எழுத ஒன்றுமில்லையே, ஐயா' என்று மாணவர் கூறக்கூடும். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருவோர் இன்னும் அழுத்தமாகக் கூறுவர். தம் வீட்டுத் தொழில் கட்டுரைக்குரிய பொருளே அன்று என அவர்கள் எண்ணிவிடுகின்றனர். பத்தமடையில் பாய் நெய்யும் குடும்பத்து மாணவி ஒருத்தி வகுப்பில் இருப்பதாகக் கொள்வோம். கோரையை உலர்த்திப் பிளந்து ஓடும் நீரில் ஊறவைத்து, சாயமேற்றி, பருத்திநூற் பாவில் நெய்யும் முறையை அவள் அறிந்த அளவு ஆசிரியர் அறியார். எத்தனை நாள் ஊறவேண்டும், குறைந்தால் என்னாகும் என நாம் வினவ வினவப் பத்திகள் தாமே பிறக்கும். தலைப்பை வழங்குவதைவிட வினாவை வழங்குவது கடினம். அதற்கு நாம் கேட்டறிய வேண்டும்.

தேர்வில் தலைப்பு வெளியிலிருந்துதானே வருகிறது என்பது நேரிய தடையே. எனவே பருவத்திற்கு நான்கு கட்டுரை எனின், இரண்டினைத் தேர்வுமுறைக்கே விட்டுவிடலாம். ஏனைய இரண்டினாலும் இலக்கணப் பயிற்சி குன்றிவிடாது. கோரைப்பாய், பாய்த்தறி, பட்டுப்பாய் என ஐகார ஈறு, யகர ஈறு, வன்றொடர்க் குற்றியலுகரம் ஆகிய மூன்றன் முன்னும் வல்லினம் மிகுதலை அம்மாணவியின் ஒரு பக்கத்தைக் கொண்டே விளக்கிவிடலாம்.