வெட்டிய காட்சிகளும் ஒட்டிய காட்சிகளும்

நூறு நிமிடத்தில் சொல்லி முடிக்க வேண்டிய கதையை இருநூறு நிமிடத்தில் சொன்னால் அது சிறந்துவிடுமா என்று எங்கள் தமிழ்ப் பேராசிரியர் ஒருநாள் வகுப்பில் கேட்டார். நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களை அவர் நடத்திக்கொண்டிருந்த நேரம் அது. அவர் கேட்டது காப்பியங்களைப் பற்றி. ஆயினும் முதல் நாள் இரவு விடுதியில் நான்கு மணி நேரம் ஓடும் ஆங்கிலப் படம் ஒன்றைக் கண்விழித்துப் பார்த்துவிட்டு வந்திருந்த எனக்கு, அக்கேள்வி என்னை நோக்கியே வந்ததாகத் தோன்றியது. அதற்கு விடை தேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

சூப்பர் ஹீரோ படங்கள் பல இன்று இரண்டு உருவங்களில் கிடைக்கின்றன. ஒன்று திரையரங்கில் வெளியான பதிப்பு. மற்றொன்று, பின்னாளில் குறுந்தகட்டிலோ இணையத்திலோ வெட்டுண்ட காட்சிகளைச் சேர்த்து வெளியிடப்படும் விரிவுப் பதிப்பு. விரிந்ததே முழுமையானது, முழுமையானதே உயர்ந்தது என்று இளைஞரிடையே ஓர் எண்ணம் நிலவுகிறது. நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆனால் ஒரு காட்சி ஏன் வெட்டப்பட்டது என்று கேளாமல் அதைத் திரும்ப ஒட்டியது நன்றா தீதா என்று கூற இயலாது. படம் சுருங்கினால் நாளொன்றுக்கு ஒரு காட்சி கூடுதலாக ஓட்டலாம் என்பதற்காக வெட்டுவது ஒரு வகை. சிறுவரும் தடையின்றி வரத்தக்க சான்றிதழ் வேண்டும் என்பதற்காக வெட்டுவது இன்னொரு வகை. கதைக்கு வேண்டாம் என்று படைத்தவர்களே கருதி வெட்டுவது முற்றிலும் வேறு. முதலிரண்டும் வணிகனின் கத்தரி. மூன்றாவது சிற்பியின் உளி.

முதலில் ஒரு பழைய வழக்கை நோக்குவோம். 1978-இல் வெளிவந்த ‘சூப்பர்மேன்’ படத்தையும் அதன் இரண்டாம் பாகத்தின் பெரும்பகுதியையும் ரிச்சர்டு டானர் ஒருசேரப் படமாக்கினார். தயாரிப்பாளர்களான சால்கைண்டு குடும்பத்தாருக்கும் அவருக்கும் மனவேற்றுமை முற்றியது. டானர் விலக்கப்பட்டு ரிச்சர்டு லெஸ்டர் வந்தார். 1980-இல் ‘சூப்பர்மேன் 2’ லெஸ்டர் பெயரால் வெளியாயிற்று. தந்தை ஜோர்-எல் வேடத்தில் மார்லன் பிராண்டோ நடித்திருந்த காட்சிகள் அதில் இடம்பெறவில்லை. அவ்விடத்தில் தாயாகச் சுசன்னா யார்க் தோன்றினார். டானர் எடுத்த காட்சிகளைக் கொண்டு தொகுத்த பதிப்பு 2006-இல்தான் மக்களுக்குக் கிட்டியது.

இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு ஒரே இடத்தில் புலனாகிறது. நாயகன் தான் விரும்பிய லோயிஸ் லேனோடு வாழ்வதற்காகத் தன் பேராற்றலைத் துறக்கிறான். பின்னர் உலகிற்கு இடர் வந்தபோது அவ்வாற்றலை மீண்டும் பெற்றாக வேண்டும். எப்படிப் பெற்றான்? லெஸ்டர் பதிப்பில் ஒரு பச்சைப் படிகம் ஒளிர்கிறது. சிறிது நேரத்தில் நாயகன் வானில் பறந்து வருகிறான். அவ்வளவே! டானர் பதிப்பிலோ, படிகங்களுள் எஞ்சியிருந்த தந்தையின் ஆற்றல் முழுவதும் மகனுக்குள் பாய்கிறது. மகன் எழுகிறான், தந்தையின் குரல் இனி என்றைக்கும் கேட்காது. துறந்ததைத் திரும்பப் பெற ஒரு விலை கொடுத்தாக வேண்டியிருக்கிறது. லெஸ்டர் பதிப்பில் உள்ளது குன்றக் கூறல் என்னும் குற்றம். டானர் பதிப்பு அதை நீக்குகிறது.

இதில் வியப்பு என்னவெனில், லெஸ்டர் பதிப்பு 127 நிமிடம். டானர் பதிப்பு 116 நிமிடமே. குறையைத் தீர்த்தது நீளமன்று.

ஆனால் டானர் பதிப்பையும் குற்றமற்றதெனக் கொள்ள முடியாது. இறுதியில் நாயகன் காலத்தைப் பின்னோக்கிச் சுழற்றி நடந்தவற்றை நடவாதவை ஆக்குகிறான். முதற்படத்தின் முடிவும் இதுவே. கூறியது கூறல்! அதன்பின், முன்பு உணவுக்கடையில் தன்னை அடித்த முரடனைத் தேடிச் சென்று பழிதீர்க்கிறான். காலமே திரும்பிவிட்டதென்றால் அம்முரடன் இன்னும் இவனை அடிக்கவே இல்லையே! இது மாறுகொளக் கூறல். பவணந்தியார் இப்படத்தைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ?

முதற்படமும் ஒருமுறை நீண்டது. திரையரங்கில் 143 நிமிடம் ஓடிய அது, 1982-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் மூன்று மணி நேர அளவில் இரண்டு இரவுகளாக ஒளிபரப்பப்பட்டது. நிமிடக் கணக்கில் பணம் என்பது தயாரிப்பாளரின் ஒப்பந்தம். எனவே கதவு திறப்பதும் மூடுவதும்கூட விலைபெற்றன. அதைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

வணிகனின் கத்தரி படத்தின் நரம்பையே அறுத்ததற்கு 2016-இல் வெளிவந்த ‘பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்’ தக்க சான்று. திரையில் 151 நிமிடம். விரிவுப் பதிப்பில் 182 நிமிடம். ஆப்பிரிக்கக் கற்பனை நாடொன்றில் கூலிப்படையினர் பலரைச் சுட்டுக் கொல்கின்றனர். பழி சூப்பர்மேன் மீது விழுகிறது. கண்ணில் நெருப்பும் கையில் இடிபோன்ற வலிமையும் உடையவன் துப்பாக்கியால் சுட்டான் என்று யார் நம்புவர்? திரையரங்கில் இவ்வினாவிற்கு விடையில்லை. விரிவுப் பதிப்பில் அப்படையினர் பிணங்களைத் தீயிட்டுக் கருக்குகின்றனர். சூப்பர்மேனின் கண்தீயால் மாண்டவர்போல் காட்டும் சூழ்ச்சி அது. நாடாளுமன்றத்தில் அவனுக்கெதிராகச் சான்று சொன்ன பெண் மிரட்டிப் பேச வைக்கப்பட்டவள் என்பதும் இதில்தான் தெரிகிறது. அவ்வவையில் குண்டு மறைத்து வைக்கப்பட்ட சக்கர நாற்காலிக்கு ஈயத் தகடு பொதிந்திருந்ததும் அவ்வாறே. எதனையும் ஊடுருவிக் காணும் கண்ணுக்குக் குண்டு ஏன் தெரியவில்லை என்ற ஐயம் அந்த ஈயத்தால் தீர்ந்துவிடுகிறது. செய்தியாளன் கிளார்க் கென்ட், பேட்மேனின் கொடுமைகளைக் கோத்தம் நகரில் வீடு வீடாகச் சென்று விசாரிக்கும் காட்சிகளும் திரும்ப வந்துள்ளன. இருவரும் ஏன் மோதுகின்றனர் என்பது அப்போதுதான் விளங்குகிறது. ஆயினும் தாயார் இருவருக்கும் ஒரே பெயர் என்றறிந்ததும் பகை கரைந்துவிடுவது இரு பதிப்பிலும் உண்டு. வெட்டாததால் வந்த குறையை எந்த ஒட்டும் மாற்றாது.

2003-இல் வந்த ‘டேர்டெவில்’ இன்னொரு பாடம். பார்வையற்ற வழக்கறிஞன் மாட் மர்டாக் இரவில் குற்றவாளிகளை வேட்டையாடுபவன். ஒரு மழையிரவில் தொலைவில் அபயக்குரல் கேட்கிறது. உடனிருக்கும் எலெக்ட்ரா போகாதே என்கிறாள். திரையரங்குப் பதிப்பில் அவன் தங்கிவிடுகிறான், காதற்காட்சி தொடர்கிறது. அடுத்த ஆண்டு வந்த இயக்குநர் பதிப்பில் அவன் எழுந்து போகிறான். அரைமணி நேரக் காட்சிகளைச் சேர்த்த இப்பதிப்பு, இந்த ஒரு காதற்காட்சியை மட்டும் விலக்கியது. என் கருத்தில் சேர்த்த முப்பது நிமிடத்தைவிட விலக்கிய இந்தச் சில நிமிடமே நாயகனைக் காத்தது. அலறல் கேட்டும் தங்கியவனை நாம் எப்படிக் காவலன் என்று அழைப்பது?

எல்லா வெட்டும் அநீதி என்று கருதுவோர்க்கு 2014-இன் ‘எக்ஸ்-மென்’ படத்தை, அதாவது ‘டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்’ என்பதை, எடுத்துக்காட்டுவேன். வால்வரினின் உணர்வைக் கடந்த காலத்திற்கு அனுப்பி, அங்கேயே நிலைநிறுத்திப் பிடித்திருப்பவள் கிட்டி. இடையில் அவள் காயமுறுகிறாள். குருதி வழிய வழிய அவள் கையை எடுக்காமலிருப்பதே திரையரங்குப் பதிப்பின் உயிர்த்துடிப்பு. 2015-இல் வந்த விரிவுப் பதிப்பு 17 நிமிடம் கூடியது. அதில் ரோக் என்பவளை மீட்டு வந்து கிட்டியின் இடத்தில் அமர்த்துகின்றனர். மீட்புக் காட்சி விறுவிறுப்பானதே. ஆயினும் மாற்றாள் வந்தவுடன் கிட்டியின் உயிர்ப்போராட்டம் தளர்ந்துவிடுகிறது. கதையும் எங்கு சேர வேண்டுமோ அங்கேதான் சேர்கிறது. இது மற்றொன்று விரித்தல். முதலில் வெட்டிய கை சரியாகவே வெட்டியது.

‘வாட்ச்மென்’ (2009) படத்தின் மிக நீண்ட பதிப்பும் அவ்வாறே. 162 நிமிடப் படம் 186 ஆகி, பின் 215 ஆயிற்று. முதல் வளர்ச்சியில் முதியவர் ஹாலிஸ் மேசன் கொலையுண்ணும் காட்சி வந்தது, அது வேண்டியதே. இரண்டாம் வளர்ச்சியில் கடற்கொள்ளையர் கதையொன்று சித்திரப் படமாக நடுநடுவே புகுந்தது. ஆலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் படைத்த மூல நூலில் அக்கதை உண்டு. அங்கே ஒரே பக்கத்தில் இரு கதைகளையும் கண் ஒருங்கே காண்கிறது. வேண்டுமானால் பக்கத்தைத் திருப்பி மீண்டும் பார்க்கலாம். திரையிலோ ஒன்று வந்தால் மற்றொன்று நின்றுவிடுகிறது. ஏட்டிலிருந்து விடாமல் எடுத்தது பற்று; ஆனால் திரையின் இலக்கணம் வேறு.

இனி, என்னைக் கண்விழிக்க வைத்த படத்திற்கு வருவோம். ‘ஜஸ்டிஸ் லீக்’ படத்தை இயக்கி வந்த சாக் ஸ்னைடர், மகளை இழந்த துயரால் 2017-இல் பணியினின்றும் விலகினார். ஜாஸ் வீடன் வந்து புதுக்காட்சிகள் எடுத்து, நிறுவனத்தின் விருப்பப்படி 120 நிமிடத்தில் முடித்தார். இரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்ததன் பின் 2021 மார்ச்சில் ஸ்னைடரின் பதிப்பு வந்தது: 242 நிமிடம்.

இதில் உண்மையில் மீண்டு வந்தவன் விக்டர் ஸ்டோன் என்னும் சைபார்க். விபத்தில் தாயை இழந்து, தானும் சிதைந்து, விஞ்ஞானியான தந்தையால் பாதி எந்திரமாக உயிர் பெற்றவன். தந்தையின் மீது தீராச் சினம் கொண்டவன். 2017-இல் அவன் கணினிப் பணியாளன் போல் வந்து போகிறான். தந்தையும் உயிரோடு நலமாக இருக்கிறார். 2021-இல், பகைவன் கவரப்போகும் பெட்டியைப் பின்னர் கண்டுபிடிக்க ஏதுவாக அதனைக் கடுங்கொதிநிலைக்கு ஏற்றி, மகன் கண்ணெதிரே தந்தை வெந்து மடிகிறார். இறுதிப் போரில் அப்பெட்டிகள், உன் குடும்பத்தை முன்போல் ஆக்கித் தருவோம் என்று விக்டரை மயக்குகின்றன. அவன் மறுக்கிறான். அம்மறுப்பின் எடை அதற்கு முன் வந்த மூன்று மணி நேரத்தால் விளைந்தது. இங்கே நீளம் வீணன்று.

அதற்காக நான்கு மணி நேரமும் பொன் என்று சொல்ல மாட்டேன். கடற்கரைப் பெண்கள் பாடும் பாட்டு, எள் விழுவதையும் மெல்லக் காட்டும் வேகக்குறைப்பு ஆகியவற்றில் பலவற்றை நான் இரக்கமின்றி வெட்டியிருப்பேன். போர் முடிந்த பின்னும் படம் முடிவதில்லை. அடுத்த படங்களுக்கான தூண்டில்கள் ஒவ்வொன்றாக இடப்படுகின்றன. அவற்றுள் ஜோக்கர் வரும் காட்சி 2020-இல் புதிதாக எடுத்தது. வெட்டியதை ஒட்டியதாகக்கூட அதைச் சொல்ல முடியாது. சென்று தேய்ந்து இறுதல் என்பதற்குப் பேராசிரியர் எடுத்துக்காட்டுக் கேட்டால் இதைச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். 2017-இன் படத்தை முன்பே பார்த்து ஏமாந்தவன் நான். எனவே 2021-இல் வந்தது எதுவாயினும் மகிழ்ந்திருப்பேனோ என்ற ஐயம் எனக்கே உண்டு. அதனால் முந்தையதைப் பார்த்திராத அறைத்தோழன் ஒருவனை உட்காரவைத்து நீண்டதையே முதலில் காட்டினேன். இரண்டாம் மணியில் அவன் உறங்கிப்போனான். தந்தை மடியும் இடத்தில் தட்டி எழுப்பினேன். அது முடிந்ததும், “டேய், நான் தூங்கின இடத்திலிருந்து மறுபடி போடு” என்றான்.