டாக்டர் சுப்பாராவும் மேற்கோட் கணக்கும்

தமிழ் பயில்வார்க்கு மேற்கோள் என்பது புதியதொன்றன்று. வளையாபதி என்னும் காப்பியம் முழுதும் நமக்குக் கிட்டவில்லை. உரையாசிரியரும் தொகுத்தோரும் எடுத்தாண்ட செய்யுட்கள் சிலவே எஞ்சியுள. பிறர் எடுத்துக் காட்டியதனால் நூலின் ஒரு கூறு பிழைத்தது. இயற்றினார் பெயரோ பிழைக்கவில்லை. இத்தகைய நிகழ்ச்சி விஞ்ஞான உலகத்தும் உண்டு. அதனை எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பார் வரலாற்றைக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இவர் 1895 ஆம் ஆண்டு பீமவரத்திற் பிறந்தவர். சென்னைப் பிரசிடென்சிக் கல்லூரியிலும், பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர். கதராடை உடுத்து அறுவைக் கூடத்துட் புகுந்தமையால் ஆசிரியரொருவர் சினத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குத் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றே பெற்றார் என்பர். ஸ்புரூ என்னும் குடல் நோய்க்கு உடன்பிறந்தாரைப் பறிகொடுத்த துயரும் அவர் உள்ளத்தே இருந்தது. 1922 இல் கடல் கடந்து பாஸ்டன் நகரை அடைந்தார். சிறிது காலத்தின்பின் ஹார்வார்டு மருத்துவப் பள்ளியில் பிஸ்கே என்னும் ஆசிரியரோடு ஆராய்ச்சி தொடங்கினார்.

உண்ட உணவு உடலாகவும் உழைப்பாகவும் மாறும் நிகழ்ச்சியை வளர்சிதை மாற்றம் என்பர். அதன் கண் பாஸ்பரஸ் பெரும்பங்கு கொள்வது. எனினும், இரத்தத்திலும் தசையிலும் அஃது எவ்வளவு உளதென்று திட்டமாக அளத்தல் அக்காலத்து எளிதாயில்லை. பிஸ்கேயும் சுப்பாராவும் 1925 இல் அதற்கொரு முறை வகுத்து வெளியிட்டனர். பாஸ்பேட் உள்ள நீரில் அமிலமும் மாலிப்டேட்டும் கூட்டி, தக்கதொரு குறைப்பானைச் சேர்த்தால், நீலநிறம் தோன்றும். பாஸ்பேட் மிகுந்தால் நீலமும் மிகும். அந்நிறத்தை அளவு தெரிந்த மற்றொரு நீரின் நிறத்தோடு ஒப்பிட்டு விடை காணலாம். முறை இவ்வளவே. கேட்டார்க்கு வியப்பு விளைக்கும் செய்தி இதில் யாதுமில்லை.

வியப்பு அடுத்து வந்தது. தசையிலிருந்து வடித்த நீரை இம்முறையால் அளந்தபோது நீலம் உடனே முழுமை பெறாது, சிறிது சிறிதாக ஏறிக்கொண்டே போயிற்று. மற்றொருவராயின் மருந்தில் ஏதோ பழுதென்று கூறி அந்நீரைக் கொட்டியிருப்பர். இவர்களோ அத்தாமதத்தையே வினாவாகக் கொண்டனர். தசையில் தனித்து நிற்கும் பாஸ்பேட் என்று அதுவரை கருதப்பட்டதிற் பெரும்பகுதி உண்மையில் கிரியாட்டின் என்னும் பொருளோடு பிணைந்து கிடக்கின்றது என்பதும், கலத்திலிட்ட அமிலத்தால் அப்பிணைப்புச் சிறிது சிறிதாக அவிழ்தலே நிறம் தாமதித்தற்குக் காரணம் என்பதும் வெளிப்பட்டன. உழைத்த தசையில் அப்பொருள் குறைகின்றது. இளைப்பாறிய தசையில் மீண்டும் நிறைகின்றது. இச்செய்தி 1927 இல் அச்சேறியது. இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதிகளும் அவ்வாண்டிலேயே அப்பொருளைத் தாமாகக் கண்டனர். தசைச் சுருக்கத்துக்கு லாக்டிக் அமிலமே காரணம் என்று நின்ற கொள்கைக்கு ஆட்டம் கொடுத்தவற்றுள் இக்கண்டுபிடிப்பும் ஒன்று. அக்கொள்கையோடு தொடர்புடைய ஆராய்ச்சிக்காகவே ஹில், மையர்ஹாப் இருவரும் 1922 ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றிருந்தனர் என்பதை நினைந்தால் இதன் பெருமை விளங்கும்.

ஏ.டி.பி. என இன்று பள்ளிச் சிறாரும் அறிந்த பொருளை 1929 இல் ஜெர்மனியில் லோமனும், ஹார்வார்டில் இவ்விருவரும் தனித்தனியே கண்டனர். ஆயினும் ஹார்வார்டில் சுப்பாராவுக்கு நிலையான பதவி கிட்டவில்லை. 1940 இல் லெடர்லி மருந்துச் சாலையை அடைந்து, அங்கே ஆராய்ச்சித் தலைவராய் விளங்கினார். போலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கியது அவர் குழுவே; ஸ்புரூ நோயாளரின் சோகையைத் தீர்க்கும் மருந்துகளுள் அஃதொன்று. உடன்பிறந்தாரை மாய்த்த நோய்க்கு இவ்வாறு விடை கண்டார். அதன் மாற்றுப் பொருளான அமினோப்டெரினைக் கொண்டே இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குச் சிறிது காலத் தணிவேனும் கிடைக்கச் செய்து, டாக்டர் பார்பர் 1948 இல் கட்டுரை வெளியிட்டார். நம் நாட்டில் யானைக்கால் நோய்க்கு வழங்கும் ஹெட்ரஜான் என்ற டை எதில் கார்பமசினும் அச்சாலையினின்று வந்ததே. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் சுப்பாராவ் உயிர் நீத்தார். ஐம்பத்து மூன்று ஆண்டுகளே வாழ்ந்தார்.

இனி மேற்கோட் கணக்கைக் காண்போம். எந்தக் கட்டுரையைப் பிறர் எத்துணை முறை எடுத்துக் காட்டினர் என்று தொகுக்கும் பெரும் பட்டியலை கார்பீல்டு என்பார் 1964 இல் பிலடெல்பியாவிலிருந்து முதன்முதல் வெளியிட்டார். அதனைக் கொண்டு பின்னர் மிகுதியாக எடுத்தாளப்பட்ட கட்டுரைகளை வரிசைப்படுத்தியபோது, 1925 ஆம் ஆண்டு நீலநிறக் கட்டுரை முன்னணியில் நின்றது. உலகையே மாற்றிய 1927, 1929 ஆம் ஆண்டுக் கட்டுரைகளுக்கு அவ்விடம் வாய்க்கவில்லை. இது சுப்பாராவுக்கு மட்டும் நேர்ந்ததன்று. எல்லாக் கட்டுரைகளுக்கும் மேலாக, மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட மேற்கோள்களுடன் முதலிடத்தில் நிற்பது, புரதத்தை அளக்கும் முறை பற்றி லௌரியும் துணைவரும் 1951 இல் எழுதியது. அதுவும் ஒரு கருவியே. கருவியைக் கையாளுவோர் அதன் பெயரைச் சொல்லாது தீராது. கண்டுபிடிப்போ எல்லார்க்கும் பொதுவாய்விட்டால், நம் இலக்கணிகள் 'என்ப' எனப் பெயர் சுட்டாது மொழிந்தாற்போல, கண்டார் பெயரின்றியே வழங்கப் பெறும். ஏ.டி.பி.யைப் பற்றி இன்று எழுதுவோருள் 1929 ஐ நினைப்பார் மிகச் சிலரே. ஆதலின் மேற்கோள் குறைந்தது பெருமைக் குறைவு என்று கொள்ளுதல் பொருந்தாது என்பதே நம் துணிபு.

மற்றொரு குறையும் உண்டு; அதனை நாம் எளிதிற் பொறுக்கமாட்டோம். அச்சிட்ட அப்பட்டியலில், எடுத்துக் காட்டப்பட்ட கட்டுரை முதலாசிரியர் பெயரின் கீழ் மட்டுமே அடைவு செய்யப்பட்டது. நீலநிறக் கட்டுரையின் மேற்கோள்கள் அனைத்தும் பிஸ்கே என்னும் பெயர்க்கீழ்ச் சென்று சேர்ந்தன. லெடர்லிச் சாலைக் கட்டுரைகளிலோ சுப்பாராவின் பெயர் பலர் பெயருக்குப் பின்னே நிற்பது. பார்பரின் கட்டுரையாசிரியர் வரிசையில் அறவே இல்லை. சுப்பாராவ் என்று தேடிச் செல்பவன் அப்பக்கங்களில் ஏறக்குறைய வெறுங்கையனாய்த் திரும்புவான்.

1953 இல், லெடர்லிச் சாலையில் பணியாற்றிய ஹெசல்டைன் என்பார் புதியதொரு பூஞ்சணத்தைக் கண்டு, அதன் பேரினத்துக்கு சுப்பரோமைசிஸ் என்று பெயரிட்டார். உயிர்நூன் மரபில் பேரினப் பெயரே முன்நிற்பது. ஆகவே அப்பூஞ்சணத்தைக் குறித்து எழுதுவோர் யாவரும் சுப்பாராவ் பெயரையே முதற்கண் எழுதுகின்றனர்.