முழுக்குக்கு முன்னும் பின்னும்

கும்பகோணம்
ஐப்பசி 3

அன்புள்ள பாப்பாவுக்கு, மாமா எழுதிக்கொள்வது.

உன்னை மயிலாடுதுறையில், அதாவது நம் மாயவரத்தில், போட்டிருக்கிறார்கள் என்று அக்கா சொன்னாள். மழையையும் கோயிலையும் விட்டால் அங்கே எடுக்க என்ன இருக்கிறது என்று நீ சலித்துக்கொண்டதையும் சொன்னாள். ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். அதைச் சொல்லி உன்னைச் சமாதானப்படுத்த முடியாது, தெரியும். ஆனால் நீ போய்ச் சேர்ந்த மாதம் நல்ல மாதம். குறுவை அறுப்பு, சம்பா நடவு, துலா ஸ்நானம், தீபாவளி, வடகிழக்குப் பருவமழை, பெரிய கார்த்திகை எல்லாம் இந்த இரண்டு மாதத்துக்குள் முட்டி மோதிக்கொண்டு வரும். பத்திரிகை போட்டோகிராபர் ஓர் ஊரைப் படித்துக்கொள்ள டெல்டாவில் இதைவிட நல்ல காலம் கிடையாது.

சிக்கலும் அதில்தான் இருக்கிறது. எல்லாம் வருஷா வருஷம் வருவதால், எந்தப் படம் வேண்டும் என்பதும் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். ஜவுளிக்கடை வாசலில் கூட்டம், கம்பி மத்தாப்போடு சிறுமி, குடைபிடித்துப் போகும் மாணவிகள், குண்டும் குழியுமான ரோட்டில் நாற்று நட்டுப் போராட்டம். டெஸ்க்கில் கேட்பார்கள், கொடுத்துவிடு, வீம்பு பிடிக்காதே. மத்தாப்புப் பிள்ளையை நிறுத்தி வைத்துத் திரும்பத் திரும்பச் சிரிக்கச் சொல்லாதே. போன வருஷக் கூட்டத்தை இந்த வருஷக் கூட்டமாக அனுப்பாதே. அது போதும். 2020-இல் மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆனபிறகு கலெக்டர் ஆய்வு, அமைச்சர் ஆய்வு என்று வேறு தினமும் ஏதாவது இருக்கும். அதையும் எடுத்துக் கொடு.

அதன் பிறகுதான் உன் வேலை. நிகழ்ச்சிக்கு முன்னால் போ; முடிந்தபிறகும் நின்று பார். எங்கள் காலத்தில் இதற்கு வழியில்லை. பிரிண்ட் போட்டு, கவரில் வைத்து, திருச்சி பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தால்தான் படம் ஆபீஸ் போய்ச் சேரும். அந்த பஸ்ஸை விட்டால் படம் செத்தது. சுவாமி ஆற்றில் இறங்குவதற்குள் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவோம். நீ படித்துறையிலிருந்தே போனில் அனுப்பிவிடலாம். (வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிக் கெடுத்துவிடும், டாகுமென்டாக அனுப்பு.) மிச்சமாகும் நேரத்தை டீக்கடையில் மற்ற நிருபர்களோடு கரைத்துவிடாதே.

துலா ஸ்நானம் முடியும் ஐப்பசிக் கடைசி நாள் கடைமுழுக்கு. துலாக்கட்டத்தில் தீர்த்தவாரி நடக்கும்போது காவிரிக்கரையில் கேமரா வைக்க இடம் இருக்காது. அன்றைக்கு எல்லோரும் எடுப்பதைத்தான் நீயும் எடுப்பாய். மறுநாள், கார்த்திகை முதல் தேதி, முடவன் முழுக்கு. நடக்க முடியாத பக்தர் ஒருவர் கடைமுழுக்குக்கு வந்துசேரத் தாமதமாகி அழுதார், அவருக்காக சுவாமி இன்னொரு நாள் கொடுத்தார் என்பது தலக்கதை. நேற்று வர முடியாதவர்களுக்காகவே ஒரு நாளை ஒதுக்கி வைத்திருக்கும் ஊர் அது. வெளியூர்க் கேமராக்கள் போனபிறகு வரும் அந்த நாள்தான் உள்ளூர் போட்டோகிராபருடைய நாள். யார் யாரைக் கைபிடித்து இறக்குகிறார்கள், வீல்சேரைப் படியில் எப்படி இறக்குகிறார்கள் என்று பார். ஈரத்துணியோடு கரையேறும் பெண்களை மட்டும் எடுக்காதே. எடுப்பவர்கள் உண்டு, போடுகிற பத்திரிகையும் உண்டு. நம் குடும்பத்துக்கு அது வேண்டாம்.

நெல்லையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. மழை வருஷங்களில் தளர்த்தச் சொல்லிக் கேட்பார்கள், மத்தியக் குழு வந்து கைப்பிடி நெல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும், அந்தப் படம் எல்லாப் பேப்பரிலும் வரும். குழு வருவதற்கு முன்னால் விடிகாலையில் போ. ரோட்டோரம் கொட்டிய நெல்லைக் காலால் கீறிக் கீறிப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். ஈர நெல்லில் அந்தக் கோடுகள் நீளமாக விழுந்திருக்கும். வானம் கறுத்தால் ஒரு குடும்பமே தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடும். ராத்திரி அந்தத் தார்ப்பாய் மேலேயே ஒருவர் காவல் படுத்திருப்பார். 17 என்ற எண்ணுக்கு என்ன விலை என்று அந்தப் படங்கள் சொல்லும்.

அகல் விளக்கும் அப்படியே. பெரிய கார்த்திகை அன்று எரியும் விளக்கை எல்லோரும் எடுப்பார்கள். ஐப்பசி மழையில் பச்சை அகல் காயாது, காயாமல் சூளையில் வைக்க முடியாது. கட்டிலுக்கு அடியிலும் பிள்ளைகளின் புத்தகப்பைக்குப் பக்கத்திலும் அகலைப் பரப்பி வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டை இப்போதே போய் எடு. தீபாவளி என்றால் முதல் நாள் ராத்திரி தையல் கடையும், மறுநாள் விடிகாலையில் வெடிக் காகிதம் கூட்டும் தூய்மைப் பணியாளர்களும். வெள்ளமும் அப்படித்தான். 2022 நவம்பர் 11-இல் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியது. ஊரே தண்ணீரில் நின்ற படங்கள் நாடு முழுக்கப் போயின. தண்ணீர் வடிந்து பத்தாம் நாள் வயலில் அழுகிக் கிடந்த சம்பாவைப் பார்க்க யார் போனார்கள்?

இதற்கு முன்மாதிரி வேண்டுமானால் மைசூர் போட்டோகிராபர் டி.எஸ். சத்யன் (1923–2009) படங்களைத் தேடிப் பார். தலைவர்களையும் எடுத்தவர்தான். ஆனால் அவர் பெயர் நிற்பது சாதாரண ஜனங்களாலும் குழந்தைகளாலும். 1979, குழந்தைகள் ஆண்டில், அந்தப் படங்கள் நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகம் வரை போயின.

தொழில் விஷயம் கொஞ்சம். மேகமூட்டத்தில் முகத்தில் நிழல் விழாது. இந்தச் சீசனின் கொடை அது, அனுபவி. மழையில் பிளாஷ் போட்டால் துளியெல்லாம் வெள்ளைப் புள்ளியாக விழும். ஏ.சி. அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் வேர்க்கும், கொஞ்சம் பொறு. படச்செய்தியில் கண்ணுக்குத் தெரிவதையே திரும்ப எழுதாதே. பெயரைக் கேட்டு, இனிஷியலோடு சரியாக எழுது. சென்னைக்காரர் எடுத்துவிட்டுப் போய்விடுவார். நீ நாளைக் காலையில் டீக்கடையில் படத்தில் இருந்தவர் முகத்தில் முழிக்கவேண்டும்.

டெஸ்க் போடாத படங்களை அழித்துவிடாதே. தேதி, இடம், பெயர் எழுதி இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வை. பொங்கலுக்கு வரும்போது அவற்றை மட்டும் கொண்டு வா. அச்சில் வந்தவற்றை நான் பேப்பரிலேயே பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா