முதல் செஷனுக்குப் போறதுக்கு முன்னாடி

செவ்வாய்க்கிழமை முதல் செஷன்னு நீ போன்ல சொன்னதும் எனக்கு அவ்வளவு நிம்மதி. நான் ரெண்டு வருஷமா போற அதே சைக்கோடைனமிக் தெரபிதான் நீயும் ஆரம்பிக்கப் போறே. எனக்கு அப்போ சொல்ல ஆள் இல்லாததை உனக்குச் சொல்லிடறேன்.

முதல்ல ஆளை விசாரி. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுன்னா இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு இருக்கணும். பதிவு எண் கேட்கறதுல மரியாதைக் குறைவு ஒண்ணும் இல்ல. இந்த முறையில பயிற்சி எடுத்திருக்காங்களான்னும் கேளு. ஃபீஸ் எவ்வளவு, போக முடியாத நாளுக்கும் கட்டணுமா, எல்லாம் முதல் நாளே பேசிடு.

ஒரு செஷன் வழக்கமா 45, 50 நிமிஷம். வாரத்துல ஒரு நாள், சிலருக்கு ரெண்டு நாள். சினிமாவுல வர்ற மாதிரி சோபாவுல படுக்க வேண்டாம், பெரும்பாலும் எதிரெதிரா உட்கார்ந்துதான் பேசுவீங்க.

ஆரம்பத்துல வீடு, படிப்பு, தூக்கம்னு நிறைய கேட்பாங்க. அப்புறம் கேள்வி குறைஞ்சிடும். எனக்கு அது பெரிய அதிர்ச்சி. "என்ன பேசறது?"ன்னேன். "மனசுல எது வருதோ அதை"ன்னாங்க. வீட்ல செய்யப் பயிற்சியும் தரல, "இப்படிப் பண்ணு"ன்னு அறிவுரையும் சொல்லல. பஸ் லேட்டானது, விடியக்காலைக் கனவு, எதை வேணாலும் சொல்லலாம். சொல்ல வெட்கமா இருந்தா, வெட்கமா இருக்குங்கறதையே முதல்ல சொல்லு.

இனிமேதான் முக்கியமான விஷயம். மூணாவது மாசம் ஒருநாள், நான் பேசிட்டிருக்கும்போது அவங்க கடிகாரத்தைப் பார்த்தாங்க. வீட்டுக்கு வந்து அப்படி அழுதேன். இனி போகவே கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். ஆனா அடுத்த வாரம் போய் அதையே சொன்னேன். "இதுக்கு முன்னாடி யார் உங்ககிட்ட அப்படி இருந்திருக்காங்க?"ன்னு மெதுவா கேட்டாங்க. உனக்கும் ஞாபகம் இருக்கும், அப்பா கடைச்சாவியைக் கையில பிடிச்சுக்கிட்டேதான் நாம சொல்றதைக் கேட்பார். அந்தச் சாவிச் சத்தத்தைப் பத்தி அன்னிக்குத்தான் முதல் தடவை பேசினேன்.

பழைய உறவுல பட்டது தெரபிஸ்ட் மேல வந்து இறங்கறதுக்கு ட்ரான்ஸ்ஃபரன்ஸ்னு பேரு. வியன்னாவுல ஃபிராய்டுகிட்ட 1900-ல வந்த 18 வயசுப் பொண்ணு 11 வாரத்துல சிகிச்சையை விட்டுட்டுப் போயிட்டா. டோரான்னு புனைபெயர் வச்சு அவளைப் பத்தி 1905-ல எழுதினப்போ, இந்த ட்ரான்ஸ்ஃபரன்ஸைச் சரியான நேரத்துல கையாளத் தவறிட்டேன்னு அவரே ஒத்துக்கிட்டார். அதனால கோபம், பாசம், பொறாமை எது வந்தாலும் அந்த அறைக்குள்ளயே சொல்லு. அதுதான் அங்க நடக்கற வேலை.

ஆனா அவங்க உன்னை மட்டம் தட்டினாலோ, வெளியில தனியா சந்திக்கக் கூப்பிட்டாலோ, அது ட்ரான்ஸ்ஃபரன்ஸ் இல்ல, தப்பு. உடனே விலகிடு. காரணம்கூடச் சொல்ல வேண்டாம்.

சில வாரம் முன்னைவிடப் பாரமா இருக்கும். செஷன் முடிஞ்சதும் நேரா ஆபீஸ் மீட்டிங்ல போய் உட்காராதே, அரைமணி நேரம் நட. அன்னிக்கு ராத்திரியே அம்மாகிட்ட பழைய கணக்கைத் தீர்க்கவும் கிளம்பாதே. மாத்திரை சாப்பிட்டிட்டிருந்தா டாக்டரைக் கேட்காம நிறுத்தாதே. உயிரை விடணும்னு எண்ணம் வந்தா அடுத்த செஷன் வரைக்கும் காத்திருக்காம என்னைக் கூப்பிடு, இல்லன்னா டெலி மானஸ் 14416-க்குப் போடு. ராத்திரியிலயும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

எவ்வளவு நாள் ஆகும்னு கேட்டே. சிலருக்கு 16 செஷன் போல, சிலருக்கு வருஷக்கணக்கு. நடுவுல விட்டுடலாம்னு கண்டிப்பா தோணும். அப்போ மெசேஜ் அனுப்பிட்டு நிறுத்திடாதேம்மா. இன்னும் ஒரே ஒரு செஷன் போய், ஏன் நிறுத்தத் தோணுதுன்னு அவங்க முகத்தைப் பார்த்துச் சொல்லிட்டு முடிவு பண்ணு.