ரமளானுக்கு முன் அடுப்பைக் கவனிப்போம்



மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு, உள்ளே இருந்தவர்களோடு தீப்பற்றி எரிந்தது. இந்தச் செய்தி நபி (ஸல்) அவர்களிடம் சொல்லப்பட்டபோது, நெருப்பு மனிதர்களுக்குப் பகை என்றும், உறங்கும் முன் அதை அணைத்துவிட வேண்டும் என்றும் அறிவுறுத்தினார்கள். அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரீயிலும் முஸ்லிமிலும் உள்ளது. விளக்குத் திரியை எலி இழுத்துச் சென்று வீட்டையே எரித்துவிடக்கூடும் என்ற எச்சரிக்கையும் வேறொரு அறிவிப்பில் வருகிறது.

இன்று நம் வீடுகளில் திரி விளக்கு இல்லை. ஆனால் எலி இருக்கிறது. அது கடிப்பதற்கு கேஸ் ட்யூப் இருக்கிறது. ஆகவே அந்த நபிமொழியின் பாடம் பழையதாகிவிடவில்லை. நம் சமையலறைக்கு அது இன்னும் கூடுதலாகவே பொருந்துகிறது.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. சமைத்து விற்றுப் பிழைக்கும் சகோதரிகளுக்கு நமது அறக்கட்டளை அடுப்புகள் வழங்கி வருவதை அறிவீர்கள். கடந்த ரமளானுக்குப் பின், "கண்ணாடி உடைந்துவிட்டது, வேறு அடுப்பு வேண்டும்" என்று சில மனுக்கள் வந்தன. விசாரித்தபோது பெரும்பாலும் ஒரே காரணம்தான் தெரிந்தது: சிறிய அடுப்பில் பெரிய சட்டி. அல்லாஹ் காப்பாற்றினான், யாருக்கும் பெரிய காயம் இல்லை. ஆனால் இட்லி சுட்டு விற்கும் ஒரு சகோதரிக்கு அடுப்பு போனால் அன்றைய வருமானமும் போகிறது. அடுப்பைக் கெடுக்கும் காரியங்களும் ஆளுக்கு ஆபத்து தரும் காரியங்களும் பெரும்பாலும் ஒன்றே. ஒன்றைத் தடுத்தால் மற்றதும் தடுக்கப்படும்.

கண்ணாடி அடுப்பு ஏன் வெடிக்கிறது?

அடுப்பின் மேல் உள்ளது சாதாரணக் கண்ணாடி அல்ல. சூடேற்றி, வேகமாகக் குளிரவைத்து உறுதியாக்கிய கண்ணாடி. பளுவையும் சூட்டையும் ஓரளவு நன்றாகவே தாங்கும். ஆனால் அதன் உட்பகுதி எப்போதும் இழுபட்ட நிலையில் இருக்கிறது. ஆழமான ஒரு கீறலோ ஓரத்தில் ஒரு சிதைவோ விழுந்தால், அல்லது ஓரிடம் மட்டும் மிகையாகச் சூடேறினால், முழுக் கண்ணாடியும் ஒரே நொடியில் சிறு துண்டுகளாகச் சிதறிவிடும். "ஒன்றும் செய்யவில்லை, தானாக வெடித்தது" என்று பலர் சொல்வது இதனால்தான். என்றோ குக்கர் இடித்த அடி இன்று வேலை காட்டும்.

நோன்புக் கஞ்சியோ பிரியாணியோ செய்ய அகலமான சட்டியை வைக்கிறோம். அதன் அடிப்பாகம் பர்னரைத் தாண்டி நாலா பக்கமும் நீண்டிருக்கும். மேலே போக வேண்டிய சூடு சட்டிக்கடியில் தேங்கிக் கண்ணாடியின் மீது திரும்புகிறது. தம் போடும்போது இது இன்னும் மோசம். அடியில் தோசைக்கல், அதன் மேல் நிறைந்த சட்டி, மூடியின் மேல் வெந்நீர்ப் பாத்திரம் என்று முக்கால் மணி நேரம் வைத்தால், பளுவும் சூடும் சேர்ந்து கண்ணாடியைத் தாக்குகின்றன.

ஆகவே சட்டியின் அடி, அது உட்காரும் தாங்கியை விட்டு அதிகம் வெளியே நீளக்கூடாது. அடுப்போடு தந்த கையேட்டில் எந்தப் பர்னரில் எவ்வளவு அகலப் பாத்திரம் வைக்கலாம் என்று இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். நிறைய சமைக்க வேண்டுமானால் இரண்டு நடுத்தரச் சட்டிகளாகப் பிரித்துச் சமையுங்கள். பத்து வீட்டுக்குக் கொடுக்கும் அளவு என்றால், திறந்த முற்றத்தில் விறகடுப்பு வைத்து, பிள்ளைகளை அண்டவிடாமல் ஒருவர் அருகிலேயே நின்று சமைப்பது நல்லது. அண்டை வீட்டாருக்குக் கொடுப்பது நன்மையான காரியம். அதற்காக நம் வீட்டை ஆபத்தில் வைக்க வேண்டியதில்லை.

இன்னும் மூன்று பழக்கங்களை விடவேண்டும். சமைத்து முடித்த சூட்டோடு ஈரத்துணியால் துடைப்பது. திடீர்க் குளிர்ச்சி கண்ணாடிக்கு ஆகாது, ஆறவிட்டுத் துடையுங்கள். கம்பி நாரால் தேய்ப்பது. அதனால் விழும் கீறல்களே பின்னால் விரிசலுக்கு வழி. மூன்றாவது, வெள்ளிக்கிழமை இரவு சாம்பிராணி போடுவதற்கு அடுப்பிலேயே கரியைப் பற்றவைப்பது. கங்கு கண்ணாடியில் விழுகிறது, சாம்பல் பர்னர் துளைகளை அடைக்கிறது. கண்ணாடியில் ஏற்கெனவே விரிசல் தெரிந்தால், மாற்றும் வரை அந்த அடுப்பைப் பற்றவைக்காதீர்கள்.

கஞ்சி பொங்கி நெருப்பு அணைந்தால்

கஞ்சியில் அரிசியின் பசையும் தேங்காய்ப் பாலும் சேர்வதால் நுரை உடையாமல் எழும்பும். சிம்மில் வைத்துவிட்டு அசருக்குத் தொழப் போன நேரத்தில் பொங்கி வழிந்து நெருப்பை அணைத்துவிடும். நெருப்பு அணையும், கேஸ் நிற்காது. அடுப்பு அணைந்திருப்பதைக் கண்டதும் உடனே லைட்டரைத் தட்டுவதுதான் நம் கை செய்யும் முதல் வேலை. அதுவே மிகவும் ஆபத்தானது.

காரணம் இதுதான். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு படியும். சமையல் மேடைக்குக் கீழே, அலமாரிக்குள், மூலையில் தேங்கும். காற்றில் 100க்கு 2 பங்கு கலந்தாலே தீப்பிடிக்கப் போதும். சிலிண்டருக்குள் நீர்மமாக இருக்கும் ஒரு லிட்டர், வெளியே வந்தால் சுமார் 250 லிட்டர் வாயுவாகப் பரவும்.

அதனால் முதலில் குமிழை மூடுங்கள். கதவு, ஜன்னல்களைத் திறந்து, வாடை முழுவதும் போன பிறகே மறுபடி பற்றவையுங்கள். சட்டியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். மூடியை முழுவதும் மூடாமல் சற்றுச் சாய்த்து வையுங்கள். தொழப் போகும்போது அடுப்பை அணைத்துவிட்டுப் போங்கள், அல்லது பொறுப்பான ஒருவரை நிறுத்திவிட்டுப் போங்கள். அரை மணி நேரம் தாமதமானால் கஞ்சி கெட்டுவிடாது.

ஸஹர் நேரத்துக்கு ஒரு தனி எச்சரிக்கை. தஹஜ்ஜுத் தொழுத மக்கனாவோடு அப்படியே அடுப்படிக்குப் போகும் சகோதரிகள் பலர். பாலியஸ்டர் துணி தீப்பட்டால் உருகி உடலில் ஒட்டிக்கொள்ளும். மக்கனாவைக் கழற்றி வைத்துவிட்டு, தொங்கல் இல்லாத பருத்தி உடையோடு அடுப்படிக்குச் செல்லுங்கள்.

நெருப்பின் நிறத்தைப் பாருங்கள்

நல்ல அடுப்பில் நெருப்பு நீலமாக எரியும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால், காற்று சரியாகக் கலக்கவில்லை என்று பொருள். கேஸ் வீணாகிறது, முழுமையாக எரியாத கேஸிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற நஞ்சும் வரலாம். அதற்கு வாடை இல்லை. அடுப்பு எரியும்போது ஜன்னலைச் சாத்தி வைக்காதீர்கள்.

பெரும்பாலும் காரணம் பர்னரில் அடைப்புதான். வாரம் ஒருமுறை, ஆறிய பர்னரைக் கழற்றி, வெந்நீரில் பாத்திரச் சோப்பு போட்டு ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். அடைத்த துளையை மெல்லிய ஊசியால் குத்தி எடுக்கலாம்; துளையைப் பெரிதாக்கிவிடக்கூடாது. நன்றாகக் காய்ந்த பின், அதன் இடத்தில் ஆடாமல் உட்காரும்படி வையுங்கள். கோணலாக வைத்த பர்னரில் நெருப்பு கீழே இறங்கி உள்ளேயே எரியும். கண்ணாடியை அடியிலிருந்து சூடாக்குவதும் குமிழ்களை உருக்குவதும் அதுதான். சுத்தம் செய்தும் மஞ்சள் நிறம் போகாவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

நெருப்பு பாத்திரத்தின் அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறுமாறு வைப்பதால் சமையல் விரைவாவதில்லை. கைப்பிடி கருகுகிறது, கேஸ் போகிறது. அது வீண்விரயம்.

ட்யூப், ரெகுலேட்டர், சிலிண்டர்

இவற்றைப் பார்ப்பது வீட்டு ஆண்களின் பொறுப்பாக இருக்கட்டும். அடுப்படி பெண்களுக்கு மட்டும் உரியதல்ல.

ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள, உள்ளே கம்பி வலையிட்ட சுரக்ஷா ட்யூபையே வாங்குங்கள். எலி எளிதில் கடிக்க முடியாதது அது. 5 ஆண்டுக்கு ஒருமுறை, வெளியே நன்றாகத் தெரிந்தாலும், மாற்றிவிட வேண்டும். ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம். இரண்டு துண்டுகளை ஒட்டு போடுவது, சூடான பாத்திரம் படும்படி விடுவது, அழகுக்காகத் துணி சுற்றி வைப்பது ஆகியவை கூடாது. துணிக்குள் வெடிப்பு இருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

சிலிண்டரை நிமிர்த்தியே வையுங்கள். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்கட்டும். மூடிய அலமாரிக்குள் வைத்திருந்தால் அடிப்பக்கம் காற்றுப் போக வழி வேண்டும். புதுச் சிலிண்டர் வந்ததும், வால்வுக்குள் ரப்பர் வாஷர் இருக்கிறதா, கசிகிறதா என்று கொண்டு வந்தவரையே பார்க்கச் சொல்லுங்கள். கைப்பிடியின் கீழ்ப் பட்டையில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்க எண்ணும் எழுதியிருக்கும். அடுத்த சோதனைக்கான கெடு அது. ஏ என்றால் மார்ச் வரை, பி என்றால் ஜூன் வரை, சி என்றால் செப்டம்பர் வரை, டி என்றால் டிசம்பர் வரை. எண் ஆண்டைக் குறிக்கும். பி 28 என்றால் 2028 ஜூன் வரை. கெடு தாண்டியதை வாங்காதீர்கள்.

கசிவு இருக்கிறதா என்று பார்க்கத் தீக்குச்சி கொளுத்தக்கூடாது. சோப்பு நீரைத் தடவினால் கசியும் இடத்தில் குமிழி வரும். இரவில் படுக்கும் முன்னும் வெளியூர் போகும் முன்னும் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். அடுப்புக் குமிழை மட்டும் மூடினால் ட்யூப் முழுவதும் கேஸ் நின்றுகொண்டிருக்கும்.

மேடையில் பதித்த ஹாப்

புது வீடு கட்டுவோர் ஹாப் பதிக்கிறார்கள். அதன் கீழ் அறையில் எண்ணெய் டின், பிளாஸ்டிக் டப்பா, துணி எதையும் அடுக்காதீர்கள். காற்றுக்கான இடைவெளியை அடைக்காதீர்கள். சில ஹாப்களில் பர்னர் அருகே ஒரு சிறு கம்பி முனை இருக்கும். நெருப்பு அணைந்தால் அது குளிர்ந்து கேஸைத் தானே நிறுத்திவிடும். பற்றவைத்துக் கையை எடுத்ததும் அணைகிறது என்றால், பெரும்பாலும் அந்த முனையில் அழுக்கு படிந்திருக்கும்; ஆறிய பின் துடைத்துப் பாருங்கள். எல்லா ஹாப்பிலும் இந்த வசதி இல்லை. வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

கேஸ் வாடை வந்தால்

சமையல் கேஸுக்கு இயற்கையில் வாடை கிடையாது. கசிவு தெரிவதற்காகவே வாடைப் பொருள் கலக்கிறார்கள். ஸஹருக்கு எழும்போது அந்த வாடை வந்தால் லைட் சுவிட்சைத் தொடாதீர்கள். மின்விசிறி, எக்ஸாஸ்ட் ஃபேன், பிரிட்ஜ் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சுவிட்சின் சிறு பொறி போதும். எரியும் ஊதுபத்தி, விளக்கு இருந்தால் அணையுங்கள். ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னல்களைத் திறங்கள், பிள்ளைகளோடும் முதியவர்களோடும் வெளியேறுங்கள். வெளியே வந்தபின் 1906 என்ற எண்ணை அழையுங்கள். கேஸ் கசிவுக்கான இந்த எண் இரவு பகல் எந்நேரமும் உண்டு. தீப்பிடித்தால் 101.

வாணலி எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தீ மேலெழும்பி முகத்தில் அடிக்கும். அடுப்பை அணைத்து, பொருத்தமான மூடியால் மூடி, ஆறும் வரை திறக்காமல் விடுங்கள். வாணலியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். உடம்பில் சுட்டுவிட்டால் மோதிரம், வளையலைக் கழற்றி, குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, பேனா மை, ஐஸ் வேண்டாம். பெரிய காயம் என்றால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பதிவு செய்த கேஸ் இணைப்பில் விபத்து நேர்ந்தால், எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கும் காப்பீடு உண்டு. ஏஜென்சிக்கு உடனே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் நமது அலுவலகத்துக்கு வாருங்கள். மனு எழுதித் தருகிறோம்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீட்டுக்குப் போனதும், குடும்பத்தோடு அடுப்படியில் நின்று இவற்றைப் பாருங்கள்:

1. ட்யூபில் உள்ள தேதி என்ன? வெடிப்போ எலி கடித்த தடமோ உண்டா?
2. சிலிண்டரின் சோதனைக் கெடு தாண்டிவிட்டதா?
3. எல்லாப் பர்னரிலும் நெருப்பு நீலமாக எரிகிறதா?
4. கண்ணாடியில் கீறல், ஓரச் சிதைவு இருக்கிறதா?
5. ரமளானில் வைக்கப்போகும் பெரிய சட்டி நம் அடுப்புக்குப் பொருந்துகிறதா?
6. ரெகுலேட்டரை மூட வீட்டில் எல்லோருக்கும் தெரியுமா? வயதான உம்மாவும் வாப்பாவும் ஒருமுறை மூடிப் பார்க்கட்டும்.

ட்யூப் மாற்ற வசதியில்லாத குடும்பங்கள் தயங்காமல் அறக்கட்டளை அலுவலகத்தில் சொல்லுங்கள். உங்கள் பெயர் வெளியே வராது. அண்டை வீட்டில் தனியாக இருக்கும் முதியவர் இருந்தால், அவர் வீட்டு ட்யூபையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

நம் உயிரும் நம் பிள்ளைகளின் உயிரும் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானத். அந்த அமானத்தைப் பேணுவதில் அடுப்பைக் கவனிப்பதும் அடங்கும். வரும் ரமளானை நம் வீடுகள் அனைத்திலும் அமைதியோடும் ஆரோக்கியத்தோடும் அடைய வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்