ஆளிப் படுகைகள் அழிந்ததும் மீண்டதும்

மண் அரித்தால் நிலவளம் குன்றும் என்பதை உழவர் பெருமக்கள் அறிவார்கள். அரித்த மண் சென்று சேரும் கழிமுகத்திலும் வளம் குன்றுகிறது. அமெரிக்காவில் செசபீக் விரிகுடாவின் ஆளிகள் இதற்குச் சான்றாகும்.

ஆளியின் பணி

ஆளி என்பது உண்ணத்தக்க சிப்பி. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்குமிடத்தில் கூட்டமாக ஒட்டி வாழும். நீரிலுள்ள நுண்பாசியை உண்டு நீரைத் தெளிவாக்கும். வளர்ந்த ஆளி ஒன்று, ஏற்ற சூழலில், நாளொன்றுக்கு 190 லிட்டர் வரை வடிகட்டும்.

அழிவின் காரணங்கள்

1884-85 பருவத்தில் மேரிலாந்து மாநிலத்தில் மட்டும் சுமார் 1.5 கோடி புஷல் ஆளிகள் வாரப்பட்டன. (புஷல் என்பது ஒரு பெரிய கூடையளவு.) ஓடுகள் சாலை போடவும் சுண்ணாம்புக்கும் சென்றன. ஆளிக்குஞ்சு இரண்டு மூன்று வாரம் நீந்தியபின் கெட்டியான இடத்தில் ஒட்டினால்தான் பிழைக்கும். அதற்குப் பழைய ஓடே சிறந்தது. ஓடு போனதால் குஞ்சுகள் சேற்றில் மடிந்தன. வயல்களின் வண்டல் எஞ்சிய படுகைகளை மூடியது. வழிந்தோடிய உரச்சத்தால் பாசி பெருகி அழுகியதால், நீரில் உயிர்வளி குறைந்தது. டெர்மோ, எம்.எஸ்.எக்ஸ். என்னும் ஆளி நோய்கள் முறையே 1949, 1959-ஆம் ஆண்டுகளில் அங்குக் கண்டறியப்பட்டன. முடிவில், பழைய அளவில் நூற்றில் ஒரு பங்கே எஞ்சியதாக மதிப்பிடப்பட்டது.

மீட்ட முறை

உணவு விடுதிகளிலிருந்து ஓடுகளைத் திரட்டிச் சுத்தம் செய்து, பொரிப்பகத் தொட்டிகளில் இட்டுக் குஞ்சுகளை ஒட்டவைத்தனர். பிறகு அவற்றைப் படகில் கொண்டுசென்று படுகையில் விதைத்தனர். ஹாரிஸ் கிரீக் என்னும் கிளையாற்றில் 2011 முதல் 2015 வரை ஏறத்தாழ 350 ஏக்கரில் இப்பணி நடந்தது. அங்கு ஆளி எடுக்கத் தடையும் உண்டு. பின்னர் ஆய்ந்தபோது பெரும்பாலான படுகைகளில் ஆளிகள் போதிய அளவில் பெருகியிருந்தன. விரிகுடா முழுவதும் இன்னும் மீளவில்லை. மேரிலாந்து விவசாயிகளும் அறுவடைக்குப்பின் மூடுபயிர் விதைத்து, மிஞ்சிய தழைச்சத்தை நிலத்திலேயே நிறுத்துகிறார்கள்.

நாம் செய்ய வேண்டியவை

நமது பழவேற்காடு ஏரியிலும் ஆளி வாழ்கிறது. ஆகவே,

1. மண் பரிசோதனைப்படி தழைச்சத்தைப் பிரித்து இடுங்கள்.
2. உரமிட்டவுடன் வயல் நீரை வடிக்காதீர்கள்.
3. வரப்பைப் பலப்படுத்துங்கள், வாய்க்கால் ஓரப் புல்லைச் செதுக்காமல் விடுங்கள்.

இவற்றால் உரச்செலவு குறையும். கழிமுகத்தை நம்பி வாழும் மீனவர் பிழைப்பும் காக்கப்படும்.